மூஜவத் மலையில் விளைந்த சோமம்

சோமன் என்பது சந்திரனுக்குரிய திருநாமம். மூலிகைகளுக்கெல்லாம் அதிபதி அவனே என்று நூல்கள் போற்றும். அதே பெயரைத் தாங்கிய செடி ஒன்றும் வேதத்தில் உண்டு. ரிக்வேதத்தின் ஒன்பதாம் மண்டலம் 114 சூக்தங்களால் அந்தச் சோமத்தையே துதிக்கிறது. (சோமாஸ்கந்தர் என்ற பெயரில் வருவது இந்தச் சோமம் அன்று, அது உமையோடும் கந்தனோடும் கூடியவர் எனப் பொருள்படும்.)

சோமரசத்தை மது என்று எண்ணுவோர் இன்றும் உளர். வேதமோ மதுவைச் 'சுரா' என்று தனியே கூறுகிறது. சோமத்தண்டைக் கல்லில் நசுக்கி, நீர் சேர்த்துப் பிழிந்து, ஆட்டு ரோமத்தாலான வடிகட்டியில் வடித்து, பாலோ தயிரோ கலந்து அன்றைக்கே ஆகுதி செய்வர். காலை, உச்சி, மாலை என மூன்று வேளைகளில் இது நிகழும். புளித்து மதுவாவதற்கு அங்கே நேரம் ஏது?

இச்செடி விளையும் இடம் மூஜவத் என்னும் மலை என்கிறது வேதம். அது பாரதத்தின் வடமேற்கே இருந்ததாக அறிஞர் கருதுவர். யாகத்துக்கு முன் சோமத்தைப் பசு கொடுத்து விலைக்கு வாங்குவதே ஒரு சடங்காக இருந்தது. வாசலில் முளைக்கும் பூண்டை எவரும் அவ்வாறு வாங்குவதில்லை. தொலைதூரத்து மலைச்சரக்கு என்பதாலேயே விலை பேசினர் போலும். கிடைக்காத காலத்தில் பூதீகம் முதலிய மாற்றுச் செடிகளைக் கொள்ளலாம் என்றும் பிராமண நூல்கள் அனுமதித்தன.

அந்தச் செடி எது என்பதில் பல கருத்துகள் உண்டு. அவற்றுள் வலுவானது 'எபிட்ரா' என்பது. பாரசீகத்தின் ஜரதுஷ்டிர சமயத்தாரும் அவர்கள் வழிவந்த பார்சிகளும் 'ஹோமா' என்ற பெயரில் இச்செடியின் குச்சிகளையே வழிபாட்டில் இடித்துப் பிழிகின்றனர். சோமம், ஹோமா இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். சுசுருதர் சோமத்தில் 24 வகை கூறி, வளர்பிறையில் நாளுக்கு ஓர் இலையாகப் பதினைந்து இலை துளிர்க்கும் என்கிறார். எபிட்ராவுக்கோ கண்ணுக்குத் தெரியும் இலையே இல்லை. ஆயினும் சுசுருதர் காலத்தில் மூலச்செடி அரிதாகி, சந்திரனின் புகழ் அதன்மேல் ஏறிவிட்டது என்று கொள்வதே பொருத்தம்.

லடாக், லாஹௌல், ஸ்பிதி, கின்னௌர் போன்ற வறண்ட இமயப் பகுதிகளில், ஏறத்தாழ 2,400 மீட்டருக்கு மேல், பாறை இடுக்குகளில் இப்புதர் வளர்கிறது. முழங்கால் உயரம், துடைப்பக் குச்சிகளைக் கட்டி நட்டாற்போன்ற தோற்றம். பனியிலும் வெயிலிலும் தண்டு பச்சையாகவே நிற்கும். இலை செய்ய வேண்டிய வேலையை அத்தண்டே செய்கிறது. பழம் சிவப்பு. மலைமக்கள் இதனைச் சோமலதா என்று அழைத்து, தண்டைக் கஷாயமிட்டு இரைப்புக்கும் மூட்டுவலிக்கும் அருந்துவர். சீனத்தில் இதன் இனத்துச் செடி 'மா ஹுவாங்' என்ற பெயரில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக இரைப்புக்கும் சளிக்காய்ச்சலுக்கும் மருந்து.

தென்னாட்டில் மூஜவத் சோமம் கிடைக்குமா? இங்குள்ள வேள்விகளில் கொடிக்கள்ளி என்னும் இலையற்ற பால்கொடியே சோமமாகப் பயன்படுகிறது. 1975-இல் கேரளத்தின் பாஞ்ஞாளில் நடந்த அதிராத்திரத்திலும் கொடியே பிழியப்பட்டது. சோழநாட்டு அம்பரில் சோமயாகங்கள் இயற்றிய மாறனாரைச் சோமாசிமாற நாயனார் என்று உலகம் போற்றுகிறது; சோமயாஜி என்பதே சோமாசி ஆயிற்று. தம் வேள்விக்குத் தியாகேசப் பெருமானை அழைத்துவர வேண்டி, அவர் சுந்தரருக்கு நாள்தோறும் தூதுவளைக் கீரை கொண்டுபோய்க் கொடுத்தார் என்பது வழிவழி வந்த வரலாறு. அக்கீரை இருமலுக்கும் ஈளைக்கும் உகந்தது.

1885-இல் ஜப்பானிய அறிஞர் நாகாய் நாகயோஷி மா ஹுவாங்கிலிருந்து 'எபிட்ரின்' என்ற சத்தைப் பிரித்தெடுத்தார். 1924-இல் பீக்கிங்கில் நடந்த ஆய்வுக்குப்பின் அது உலகெங்கும் ஆஸ்துமா மருந்தாயிற்று. சுருங்கிய மூச்சுக்குழலை அது விரிக்கும், அதே வேளையில் இரத்தக்குழாயைச் சுருக்கி, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும், உறக்கத்தைக் கெடுக்கும். உடல் இளைக்க என்று எபிட்ரா கலந்து விற்கப்பட்ட மாத்திரைகளால் மாரடைப்பும் பக்கவாதமும் நேர்ந்து உயிர்கள் போனதால், அமெரிக்க அரசு 2004-இல் அவற்றைத் தடை செய்தது.

இமயத் தலங்களுக்கு யாத்திரை செல்லும் முதியோர் இதனை மனத்தில் கொள்ளல் வேண்டும். காற்றில் பிராணவாயு குறைந்த உயரத்தில் இதயம் ஏற்கெனவே கூடுதலாக உழைக்கிறது. அங்கே ஒருவர் சோமலதா சூரணம் என்று நீட்டினால், வேதத்தின் பெயர் கேட்ட பக்தியில் வாங்கி உண்ணலாகாது. இரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய், தைராய்டு மிகை, புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்க்கு இது தீங்கு செய்யும். இரைப்புக்காக ஆயுர்வேத வைத்தியர் இதனை எழுதித் தந்தாலும், தாம் அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களை அவரிடம் முதலில் சொல்லிவிடுதல் நலம்.