ஈழத்துப் பாடல் பெற்ற தலங்களும் நம் மாணவரும்

ஸ்ரீரங்கம் என்றதும் அரங்கன் நினைவே எவர்க்கும் முந்தி எழும். ஆயினும், அதே தீவின் கீழ்ப்பாகத்திலன்றோ அப்புலிங்கப் பெருமான் எழுந்தருளிய திருவானைக்கா விளங்குகின்றது! தேவார மூவரும் பாடிப் பரவிய தலம் அது. காவிரியின் தென்கரையில் சம்பந்தரும் அப்பரும் பாடிய சிராப்பள்ளிக் குன்று நிற்கின்றது. இவ்விரண்டையும் இப்பகுதி மாணவர் ஒரே காலைப்பொழுதில் தொழுது திரும்பலாம். ஆனால் அதே தேவார ஏட்டில், கடவுச்சீட்டு இன்றிச் சென்று தொழ இயலாத தலங்களும் உள. அவற்றுள் ஈழநாட்டில் அமைந்தவை 2: மாதோட்டத்துத் திருக்கேதீச்சரமும் திருக்கோணமலையும்.

இவ்விரு தலங்களையும் ஞானசம்பந்தர் இராமேச்சுரத்தில் இருந்தவாறே பாடினார் என்பது சேக்கிழார் வாக்கு. சுந்தரரும் கேதீச்சரத்தை அங்கிருந்தே பாடினார். “அருளாளர்களே கடல் கடவாதிருக்க, நம் பிள்ளைகள் கடக்க வேண்டுவது என்னை?” என்று வினவுவார் உளர். நியாயமான வினாவே. அவர்கள் இருந்த இடத்திலிருந்தே கண்டார்கள். நாமோ சென்று கண்டே உணர வேண்டியவர்கள். அன்றியும், அவர்கள் பாடிய கோயில்கள் இடையில் அழிந்து, அடியார் உழைப்பால் மீண்டும் எழுந்தவை. அந்த வரலாறு பதிகத்தில் இல்லை. அங்குள்ள கற்களில்தான் உள்ளது.

திருக்கோணமலைக்குச் செல்வோர் பிரெடெரிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே மலைமேல் ஏற வேண்டும். போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டே அங்குக் கோட்டை எழுப்பினர். 1950இல் கிணறு தோண்டியபோது செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியில் மூழ்கிக் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது.

கேதீச்சரமும் அவ்வாறே போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்து காடு மூடிக் கிடந்தது. அதனை மீட்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்தாரை முதலில் தட்டி எழுப்பியவர் ஆறுமுக நாவலர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலத்தை அகழ்ந்தபோது பழைய மகாலிங்கம் கிடைத்தது. 1948இல் திருப்பணிச் சபை தோன்றிற்று. பின்னர் வந்த போர் வழிபாட்டையே தடை செய்தது. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் துணையுடன் கருங்கற் கோயிலாக எழுந்து, 2022 ஜூலை 6ஆம் நாள் அது குடமுழுக்குக் கண்டது. சிவராத்திரியில் அடியார்கள் பாலாவித் தீர்த்தத்தைக் குடங்களில் முகந்து வந்து, சாதி குலம் பாராது, தம் கையாலேயே அம்மகாலிங்கத்திற்கு நீராட்டுவர். நீரையே இறைவன் திருவுருவாகத் தொழும் ஆனைக்கா மாணவர்க்கு இதன் பொருளை விளக்க ஆசிரியர் அதிகம் உழைக்க வேண்டியதில்லை.

இரு கரைகளுக்கும் இடையே கல்வி வழிப் போக்குவரவு புதியதன்று. நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அங்கிருந்து வந்தவர் இங்குள்ள பிள்ளைகளுக்குச் சைவம் கற்பித்தார் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், சென்னையிலிருந்து திருச்சி வழியாகத் தனுஷ்கோடி சென்ற ‘போட் மெயில்’ வண்டி, தலைமன்னார்க் கப்பலோடு இணைந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேச்சுரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களில் போரினால் நின்றது. அதன்பின் ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட மாணவர் மறுகரையைக் காணாமலே வளர்ந்தனர்.

இப்போது வழி மீண்டும் திறந்துள்ளது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடிற்று. திருச்சியிலிருந்தே யாழ்ப்பாணத்திற்கு விமானம் 2025 மார்ச்சில் தொடங்கியது. கடவுச்சீட்டு, நுழைவு அனுமதி, பெற்றோர் இசைவு ஆகியவற்றைப் பள்ளி நிருவாகத்தார் கவனித்துக்கொள்வர். அவற்றினும் கடினமான ஆயத்தம் ஒன்றுண்டு.

இலங்கைப் பள்ளிகளில் சமயம் ஒரு பாடம். சைவப் பிள்ளைகள் அதனைப் படித்துத் தேர்வும் எழுதுகின்றனர். தேவாரம் அவர்களுக்கு வகுப்பறையிலேயே மனப்பாடமாகின்றது. கோயிற் பூசையில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற வரிசையில் பஞ்சபுராணம் ஓதுவது அங்கு வழக்கம். தனி ஓதுவார் இல்லாத இடத்தில் அடியாருள் ஒருவரே முன்வந்து பாடுவார். இங்கோ ஓதுவார் பாட, நாம் கை கட்டிக் கேட்டு நிற்கின்றோம். கேதீச்சரத்து அர்ச்சகர், “சம்பந்தர் நாட்டிலிருந்து வந்த பிள்ளைகளே, ஒரு பாட்டுப் பாடுங்கள்” என்று அன்புடன் கேட்டால், நம் மாணவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்கும் நிலை வரலாகாது. பாடத் தெரியாமல் சென்று வருவது சுற்றுலாவாகலாம். யாத்திரை ஆகாது என்பது எம் துணிபு.

ஆதலின் புறப்படுமுன், கேதீச்சரப் பதிகங்கள் இரண்டையும் கோணமலைப் பதிகத்தையும் பண்ணோடு ஓதுவாரிடம் கற்பிக்க வேண்டும். சென்ற இடத்தில் அவ்வூர்ப் பள்ளி மாணவரோடு சேர்ந்து ஒரு வேளையேனும் பாட ஏற்பாடு செய்தல் நலம். மூன்று நாளில் பத்து ஊர் காட்டும் பயணத்திட்டம் இதற்கு உதவாது. சிவராத்திரி, தேர்வு நெருங்கும் காலத்தில் வருவதால், மாணவர்க்குக் கோடை விடுமுறையே ஏற்றது. பதிகப் பயிற்சியை மட்டும் மார்கழியிலேயே தொடங்கிவிட வேண்டும்.