சத்துணவுத் தட்டில் எத்தனை வாட்?

மின்விளக்கை வாட் கணக்கில் அளக்கிறோம். உங்கள் தம்பி தங்கையையும் அப்படி அளக்க முடியுமா? பார்ப்போம்.

ஏழு முதல் ஒன்பது வயதுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1700 கிலோகலோரி ஆற்றல் தேவை. ஒரு கிலோகலோரி என்பது ஏறக்குறைய 4200 ஜூல். ஆக மொத்தம் 71,40,000 ஜூல். இதை ஒரு நாளின் 86,400 வினாடிகளால் வகுத்தால் சுமார் 83 வாட் வரும். இரவும் பகலும் அணையாத விளக்கு!

சத்துணவில் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் அரிசி உண்டு. அதிலுள்ள ஆற்றல் சுமார் 350 கிலோகலோரி, அதாவது 14,70,000 ஜூல். 83ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 17,700 வினாடி. கிட்டத்தட்ட 5 மணி நேரம்.

எரிபொருள் குறைந்தால் விளக்கு மங்கும். உடல் என்ன செய்யும்? இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற மற்றச் செலவுகளைக் குறைக்கும். முதலில் ஓட்டமும் விளையாட்டும் குறையும். நாளடைவில் வளர்ச்சியே தடைப்படும்.

வளர்வதற்குப் புரதமும் வேண்டும். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. முட்டையையோ காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பணம் தட்டினால் வீட்டில் முதலில் நிற்பது அதுதான். பள்ளியில் வாரத்துக்கு 5 முட்டை என்றால், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 40 பள்ளி வாரங்களில் 400 முட்டை! ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 6 கிராம் புரதம்.

சிவகாசி வட்டாரத்துக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஒரு காலத்தில் அங்கே பள்ளி வயதுப் பிள்ளைகள் பலர் தீப்பெட்டி வேலைக்குப் போனார்கள். பள்ளிக்கு அனுப்பினால் கூலி போகும். கூலி போனால் சோறு குறையும். அந்தச் சோற்றைப் பள்ளியே போட்டால்? விருதுநகரில் 1903இல் பிறந்து, சிறு வயதிலேயே படிப்பை விட்ட காமராஜர், முதலமைச்சராக இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேரத் தொடங்கியது. சோறு மட்டும் குழந்தை உழைப்பை ஒழித்துவிடவில்லை. 1986இல் சட்டமும் வர வேண்டியிருந்தது. ஆனாலும் பெற்றோரின் கணக்கில் ஒரு வரி மாறியது.

நீங்களும் ஒரு கணக்குப் போடுங்கள். இன்று உங்கள் வீட்டில் உலையிலிடும் அரிசியை எடை போடுங்கள். வீட்டிலுள்ள எல்லோரையும் அது எத்தனை மணி நேரம் எரிய வைக்கும்?