பரிசோதனைச் செய்நிரலும் மாறிவரும் நூலகமும்

கணினியில் இயங்கும் செய்நிரல் எதுவும் தனித்து நிற்பதில்லை. கோப்பைத் திறத்தல், நினைவகத்தைப் பெறுதல், நேரத்தை அறிதல் முதலிய வேலைகளுக்கு அது ஒரு பொது நூலகத்தை நாடுகின்றது. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் அந்நூலகமாக விளங்குவது குனு சி நூலகம். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் புதிய பதிப்பு வெளிவருகின்றது.

முன்பே ஆக்கி முடித்த செய்நிரல், பெரும்பாலும் புதிய நூலகத்தோடும் பழுதின்றி இயங்கும். ஒரே பெயருடைய பணியின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் தனித்தனி அடையாளமிட்டு நூலகம் வைத்திருப்பதே அதற்குக் காரணம். ஆனால் மூலநிரலைப் புதிதாகத் தொகுக்கும்போது இந்தப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை. அதிலும் பெரிதும் அல்லற்படுவது அடிமட்டப் பரிசோதனைச் செய்நிரலே. பிற செய்நிரல்கள் நாடாத மூலை முடுக்குகளையெல்லாம் தொட்டுப் பார்ப்பதன்றோ அதன் தொழில்?

இரண்டு நிகழ்ச்சிகள் இதனை நன்கு விளக்கும். இயங்கும் இழையொன்றின் எண்ணைக் கேட்டறியும் 'கெட்டிட்' என்னும் அழைப்பு லினக்ஸ் கருவில் நெடுங்காலமாக இருந்தது. நூலகத்தில் அதற்குரிய பணி இருக்கவில்லை. ஆகவே பலரும் அதே பெயரில் தாமே ஒரு பணியை எழுதிக்கொண்டனர். 2019ஆம் ஆண்டில் வெளிவந்த 2.30ஆம் பதிப்பு அப்பெயரைத் தானே வழங்கியது. ஒரு பெயருக்கு இருவர் உரிமை கொண்டாடவே, தொகுப்பான் வேலையை நிறுத்திவிட்டது. லினக்ஸ் கருவோடு வரும் 'பேர்ஃப்' என்னும் அளவீட்டுக் கருவியும் இதனால் திருத்தப்பட வேண்டியதாயிற்று.

இரண்டாவது, சமிக்ஞை அடுக்கு பற்றியது. செய்நிரல் தடுமாறி வீழும் வேளையிலும் செய்தி சொல்ல, நினைவகத்தில் ஒரு தனி அடுக்கு வேண்டும். இன்ரெல் வகைக் கணினிகளில் அதன் மிகக் குறைந்த அளவு 2048 பைட் என்று மாறிலியாக வகுக்கப்பட்டிருந்தது. பின்னர் வந்த ஏவிஎக்ஸ்-512 வசதியிலோ, 64 பைட் கொண்ட 32 பதிவகங்களே 2048 பைட்டை நிரப்பிவிடுகின்றன. ஆகவே 2021இல் வெளிவந்த 2.34ஆம் பதிப்பில், நூலகத்தின் விரிவான வசதிகளைக் கோரும் செய்நிரல்களுக்கு அவ்வளவு மாறிலியாக இராது, இயங்கும்போது கேட்டறியப்படுவதாயிற்று. அதனை மாறிலியென நம்பி அணியின் நீளமாக எழுதியிருந்த நிரல்கள் தொகுக்கப்படாமல் நின்றன. 'கேட்ச்-2' என்னும் புகழ்பெற்ற பரிசோதனைச் சட்டகமும் அவற்றுள் ஒன்று. அதன் 3ஆம் பதிப்பு, இயங்கும்போதே அளவைக் கேட்டு அதற்கேற்ப நினைவகம் பெறுகின்றது.

இவற்றிலிருந்து பெறப்படும் நெறிகள் சில. முதலாவது, நூலகம் எடுத்துக்கொள்ளக்கூடிய பெயரைத் தன் பணிக்குச் சூட்டலாகாது. தனக்கேயுரிய முன்னொட்டுச் சேர்த்துக்கொள்வது நலம். இரண்டாவது, பதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்வதினும், வசதி உண்டா என்று சிறு நிரலொன்றைத் தொகுத்துப் பார்ப்பதே சிறந்தது. விநியோகத்தார் புதிய திருத்தங்களைப் பழைய பதிப்பிலும் சேர்ப்பதுண்டு. எண் மட்டும் உண்மையை உரைக்காது. மூன்றாவது, கருவை நேரே அழைக்க நேர்ந்தால் அழைப்பெண்ணைக் கையால் எழுதலாகாது. 'கெட்டிட்' அழைப்பின் எண் 64 பிற் இன்ரெல் வகையில் 186. 64 பிற் ஆம் வகையில் 178. தலைப்புக் கோப்பிலுள்ள பெயரைக் கொண்டு அழைத்தால் இவ்வேறுபாடு தானே தீரும். நான்காவது, ஆதரிக்க எண்ணும் நூலகங்களுள் மிகப் பழையதிலும் மிகப் புதியதிலும் பரிசோதனையை ஓட்டிப் பார்க்கவேண்டும்.

இவையனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. வசதி இல்லாமையால் நடைபெறாத பரிசோதனையை, வெற்றி பெற்றதாகக் கணக்கில் எழுதலாகாது. லினக்ஸ் கருவின் சொந்தப் பரிசோதனைகளில், தவிர்க்கப்பட்ட பரிசோதனை 4 என்னும் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்பது வெற்றிக்கே உரியது. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆயினும், தொகுக்க முடியாமல் நிற்கும் பரிசோதனை தன் குறையைத் தானே உரத்துச் சொல்லிவிடுகின்றது; ஓடாமலே வெற்றியெனக் காட்டும் பரிசோதனையோ, பழுதுள்ள செய்நிரலை மக்களின் கைக்கு அனுப்பிவிடுகின்றது. நூலகம் மாறிக்கொண்டேயிருக்கும், அதனைத் தடுப்பார் இல்லை. மாற்றத்தை முன்னறிந்து எழுதப்பட்ட பரிசோதனையே, மாற்றத்தின் பின்னரும் உண்மையைச் சொல்லும்.