பேத்தை மீன் தேடித் தந்த பெயர்

வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் இங்குள்ள ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார், இன்னொருவருக்கு விருது கிடைத்தது என்ற செய்தி வந்தால் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான். ஆனால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 1987ல் திறக்கப்பட்ட மூலக்கூறு, உயிரணு உயிரியல் ஆய்வுக்கழகத்தின் கதையைக் கேட்டால் அப்படித் திருப்பத் தோன்றாது.

கழகத்தின் முதல் இயக்குநர் கிறிஸ் டான். அதை அமைக்க வேண்டும் என்று வலியுறுத்தி, ஆலோசகராகத் துணை நின்றவர் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி சிட்னி பிரென்னர். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். அப்பா செருப்பு தைப்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். அண்டை வீட்டில் மேசை விரிப்பாகப் போட்டிருந்த செய்தித்தாள்களைப் பார்த்தே சிறுவன் பிரென்னர் படிக்கக் கற்றான். பதினைந்து வயதில் பல்கலைக்கழகத்தில் நுழைந்துவிட்டான்.

அந்தப் பிரென்னர் ஆராயத் தேர்ந்தெடுத்தது ஒரு பேத்தை மீன். மலாய்க்காரர்கள் இக்கான் புந்தால் என்கிறார்களே, அந்த இனம்தான். ஜப்பானியர்கள் ஃபுகு என்று அழைத்து, உரிமம் பெற்ற சமையல்காரரிடம் மட்டும் வாங்கிச் சாப்பிடும் நச்சு மீன்.

ஏன் இந்த மீன்? மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 3 பில்லியன் எழுத்துகள். ஃபுகுவுக்கு சுமார் 400 மில்லியன்தான், எட்டில் ஒரு பங்கு. ஆனால் மரபணுக்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை. விளம்பரங்களையெல்லாம் எடுத்துவிட்டுச் செய்தியை மட்டும் அச்சிட்ட நாளிதழ் மாதிரி. அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மனிதத் தொகுதியில் எது முக்கியம் என்பது தெரிந்துவிடும். சிங்கப்பூரும் பங்கேற்ற அனைத்துலகக் குழு 2002ல் ஃபுகுவின் வரைவை வெளியிட்டது. முதுகெலும்புள்ள உயிர்களில் மனிதனுக்கு அடுத்து அதுதான். அந்த ஒப்பீட்டில், அதுவரை கண்ணில் படாத ஏறத்தாழ 1,000 மனித மரபணுக்கள் இருக்கலாம் என்று தெரியவந்தது.

அதே ஆண்டு பிரென்னருக்கு நோபல் பரிசு. மீனுக்காக அல்ல, கேம்பிரிட்ஜில் ஒரு சிறு புழுவை வைத்துத் தொடங்கிய வேலைக்காக. பரிசில் நமக்குப் பங்கில்லை என்றாலும், சிங்கப்பூர் 2003ல் அவரைத் தன் முதல் கௌரவக் குடிமகனாக்கியது.

பிறகு கழகம் புவன விஸ்தாவின் பயோபோலிசுக்கு மாறியது. பெரிய பெயர்கள் வந்தன. அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர்களான நீல் கோப்லண்ட், நான்சி ஜென்கின்ஸ் தம்பதியர் 2006ல் வந்தார்கள், 2011ல் போய்விட்டார்கள். ‘இவ்வளவு செலவு செய்து அழைத்தோமே’ என்ற கேள்வி எழுவது நியாயம்தான். வந்தவரைக் கொண்டாடும் அளவுக்கு, தங்கியவரை நாம் கவனிப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

பைரப்பா வெங்கடேஷை எத்தனை பேருக்குத் தெரியும்? பேத்தை மீனைப் பற்றிப் பிரென்னர் 1993ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையிலேயே இவர் பெயரும் உண்டு. பின்னர் இந்தக் கழகத்திலிருந்தபடி, 2014ல் யானைச் சுறாவின் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்த குழுவை வழிநடத்தினார். சுறாவுக்கு ஏன் எலும்பில்லை, வெறும் குருத்தெலும்பு மட்டும்? எலும்பு உருவாக உதவும் ஒரு மரபணுக் குடும்பம் அதனிடம் இல்லை என்று அந்தக் குழு காட்டியது. எலும்புத் தேய்மானத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் மருத்துவர்களுக்கும் இது வேண்டிய செய்தி.

பிரென்னர் 2019 ஏப்ரல் 5ஆம் தேதி, 92 வயதில், சிங்கப்பூரிலேயே காலமானார்.