குழந்தையின் இடுப்புத் துணி



குழந்தையின் இடுப்பில் கட்டும் துணியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால் உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். நெடுங்காலம் பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு வேறு பொருள் அகப்படவில்லையா என்றும் கேட்கக்கூடும். ஆயினும், வேதியியலும் உடலியலும் அறமும் ஒருங்கே வந்து கூடும் இடம் அந்தச் சிறு துணி என்பதை என் அறுபத்தைந்தாம் வயதில்தான் அறிந்தேன். நூல்கள் கற்பிக்காத அப்பாடத்தைத் துவைக்கும் கல் எனக்குக் கற்பித்தது.

2024ஆம் ஆண்டு ஆனித் திங்களில் என் மகள் பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பும்போதே டயப்பர்ப் பொட்டலங்களும் உடன் வந்தன. ஒருமுறை கட்டி, நனைந்ததும் எறிந்துவிடும் பொருள் அது. பத்தே நாட்களில் எங்கள் குப்பைக்கூடை நிரம்பி வழிந்தது. "நம் காலத்தில் இதெல்லாம் ஏது? பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டித்தானே உங்களை வளர்த்தோம்!" என்று மகளிடம் பெருமையாகக் கூறினேன்.

அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "வளர்த்தோம் என்கிறீர்களே, அந்தத் துணிகளில் ஒன்றையாவது நீங்கள் கசக்கியது உண்டா?"

மறுமொழி கூற எனக்கு நா எழவில்லை. என் மக்கள் இருவருக்கும் நான் ஒரு துணிகூட அலசியதில்லை. அன்று மாலையே, "இனித் துணி கட்டுவோம், துவைப்பது என் பொறுப்பு" என்று அறிவித்தேன். அதன்பின் நான் கற்றவற்றையே இப்பொழுது கூறுகிறேன்.

ஒன்றைத் தள்ளுவதற்கு முன் அதனை அறிதல் வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்னும் பெண்மணி நீர் ஒழுகாத டயப்பர் உறைக்கு 1951இல் காப்புரிமை பெற்றார். விக்டர் மில்ஸ் என்னும் வேதிப் பொறியாளரின் குழு உருவாக்கிய, எறிந்துவிடும் டயப்பர் 1961இல் விற்பனைக்கு வந்தது. ஈரத்தை உறிஞ்ச அதில் மரக்கூழும் மெல்லிய காகிதமுமே இருந்தன.

இன்றைய டயப்பரில் மூன்று அடுக்குகளைக் காணலாம். தோலைத் தொடும் மேலடுக்கு, பாலிபுரொப்பிலீன் இழைகளை நெய்யாமல் பிணைத்த விரிப்பு. ஈரம் வெளியேறாமல் தடுக்கும் அடியடுக்கு, பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக் தாள். நடுவில் மரக்கூழ்ப் பஞ்சும், சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் வெண்ணிறக் குருணையும் உள்ளன. இக்குருணை 1980களில் சேர்ந்தது. மண்ணில் ஈரத்தைக் காப்பதற்காக அமெரிக்க வேளாண்மைத் துறை 1960களில் நடத்திய ஆராய்ச்சியே இத்தகைய பொருள்களுக்கு வழி காட்டியது.

மாணவர்களே, ஆசிரியர் முன்னிலையில் நீங்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கட்டாத புது டயப்பரைக் கத்தரித்து, அக்குருணையில் சிறிதளவு எடுத்துக் கண்ணிலும் மூக்கிலும் படாமல் ஒரு குவளையில் இடுங்கள். நீரை ஊற்றினால் நொடிப் பொழுதில் அது களிபோல் உப்பும். அதன்மேல் ஒரு கரண்டி உப்பைத் தூவினால், களி தளர்ந்து நீரைக் கக்கிவிடும். குருணையின் நீண்ட மூலக்கூறுகளைச் சார்ந்து சோடியம் அயனிகள் நெருங்கியுள்ளன. அந்நெருக்கத்தைத் தளர்த்தவே நீர் உட்புகுகிறது. வெளியிலும் உப்பு மிகுந்தால் நீருக்கு உட்செல்லும் வேகம் குன்றிவிடுகிறது. ஆகவேதான், தூய நீரைத் தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு ஏற்கும் குருணை, உப்புக் கலந்த சிறுநீரைச் சில பத்து மடங்கே ஏற்கிறது. அதுவே ஓர் இரவுக்குப் போதுமானது. அதன் திறமையை நான் குறைத்துக் கூறவில்லை.

ஆனால் எறிந்தபின் என்ன ஆகிறது? நாளொன்றுக்கு ஆறு என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஆண்டுகளில் ஒரு குழந்தைக்கு 4,380 டயப்பர்கள் ஆகின்றன. அவற்றின் பிளாஸ்டிக்கும் குருணையும் நம் வாழ்நாளில் மக்கிப் போகமாட்டா. மரக்கூழ் மக்கும்; எனினும் காற்றுப் புகாத குப்பைமேட்டின் அடியில் அது மெல்ல மக்கி, மீத்தேன் வாயுவை வெளிவிடும். மக்கும் டயப்பர் என்று விற்கப்படுவனவற்றிலும் பெரும்பாலானவை ஒரு பகுதியே மக்கக்கூடியவை. அதற்கும் தக்க வெப்பமும் காற்றும் வேண்டும். சென்னையின் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல்லாண்டுகளாகக் குவிந்த குப்பைக்கு அந்த வாய்ப்பு எங்கே கிடைத்தது?

ஒரு நாள் காலை, எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரான அம்மையார் எங்கள் கூடையைக் கவிழ்த்து, கையாலேயே பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "ஐயா, பிள்ளைக்குக் கட்டினதை மட்டும் தனியாகச் சுருட்டித் தாளில் கட்டிக் கொடுங்கள், கை வைக்க முடியவில்லை" என்றார். சுற்றிக் கட்டுவது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் வகுத்த கடமை. டயப்பரை நன்கு சுற்றிக் கட்டி, மக்காத குப்பைக்கான கூடையில் இட வேண்டும் என்று அவை கூறின. மாணவர்க்குக் குடிமைப் பயிற்சி பாடம் நடத்திய நான், அவ்வம்மையார் சொல்லும் வரை அதனைச் செய்யவில்லை.

இனி என் துணிச் சோதனைக்கு வருகிறேன். கடையில் புதிய மல் துணி வாங்கி இருபத்து நான்கு துண்டுகள் தைத்தோம். முதல் நாள் அவை ஈரத்தை உறிஞ்சவே இல்லை. புதுப் பருத்தியில் இயற்கை மெழுகும் கஞ்சியும் இருக்கும். நான்கைந்து முறை வெந்நீரில் துவைத்த பின்னரே நூல் நீரை ஏற்கும். பலமுறை வெளுத்த பழைய வேட்டியின் பெருமை அப்பொழுது விளங்கியது. துணியை மென்மையாக்கும் திரவத்தை ஊற்றினால் நூலின்மேல் படலம் படிந்து, உறிஞ்சும் தன்மை கெடும் என்பதையும் பட்டறிந்தேன்.

இரண்டாம் வாரம் குழந்தையின் தொடையில் சிவந்த தடிப்புக் கண்டது. நனைந்த துணியை நான் உடனே மாற்றாததே காரணம். சிறுநீரிலுள்ள யூரியாவை மலத்தின் நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. தோலின்மேல் காரத்தன்மை ஏறுகிறது. மலத்திலுள்ள நொதிகள் வீறுகொண்டு தோலை அரிக்கின்றன. துணியாயினும் டயப்பராயினும், அடிக்கடி மாற்றுவதும் சற்று நேரம் காற்றாட விடுவதுமே முதல் மருந்து.

ஐப்பசி பிறந்தது, அடைமழையும் வந்தது. கொடியில் இட்ட துணி இரண்டு நாளாகியும் உலரவில்லை, முடைநாற்றம் வீசியது. அப்பொழுது மகள் வேறொரு வகையை வாங்கினாள். வெளியே பாலியூரித்தேன் பூசிய உறை. உள்ளே செருகி எடுக்கும் துணிப் பட்டை. உறையை ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டியதில்லை, ஒழுகுவதும் குறைவு. அவ்வுறையும் பிளாஸ்டிக்தான்; ஆனால் நூற்றுக்கணக்கான முறை பயன்படுகிறது.

துணி என்றாலே உலகுக்கு நன்மை என்று நான் எண்ணியிருந்தேன். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வு அவ்வெண்ணத்தைத் திருத்தியது. இரண்டரை ஆண்டுக் காலத்தில் ஒரு குழந்தையின் டயப்பர்களால் கரியமில வாயுக் கணக்கில் 550 கிலோ என்றும், துணிகளால் சராசரியாக 570 கிலோ என்றும் அது கூறியது. அங்கே துணியைச் சுடுநீரில் துவைத்து மின்கருவியில் உலர்த்துவோர் பலர். இயந்திரம் நிறையத் துணியிட்டு, வெளியே கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதனையே பயன்படுத்தினால் ஏறத்தாழ 200 கிலோ குறையும் என்றும் அவ்வாய்வே காட்டியது. துணியின் நன்மை நாம் துவைக்கும் முறையில் இருக்கிறது என்பது தெளிவு. நம் நாட்டு வெயில் கறையை வெளுக்கிறது; கிருமிகளையும் குறைக்கிறது; அதற்குக் கட்டணமும் இல்லை.

துணியையும் குறைக்கும் வழி ஒன்றை என் மனைவி காட்டினாள். பால் குடித்த சற்று நேரத்தில் குழந்தையைத் தன் நீட்டிய கால்களின்மேல் அமர்த்தி, தலையைத் தாங்கிக்கொள்வாள். பெரும்பாலும் அப்பொழுதே மலம் கழிந்துவிடும். இரைப்பை நிரம்பும்போது பெருங்குடல் அசைவு பெறுகிறது என்று உடலியல் நூல்கள் கூறுகின்றன. நம் பாட்டிமார் அந்நூலைப் படிக்காமலே அதனை அறிந்திருந்தனர்.

முடிவில் நாங்கள் வகுத்துக்கொண்ட முறை இது: பகலில் துணி; இரவுக்கு ஒரு டயப்பர். இரவுத் துணியையும் கட்டியே தீர வேண்டும் என்று நான் வாதிட்டபோது, "என் உறக்கத்தில் சிக்கனம் பிடிக்காதீர்கள், அப்பா" என்றாள் மகள். அது நியாயமே. நாளுக்கு ஒன்று என்றால் 4,380 என்பது 730 ஆகிறது. ஆறில் ஐந்து பங்கு குறைந்தது சிறிய பயனா?

மாணவர்களே, பழைய பழக்கம் நல்லது என்று புகழ்வது எளிது. அப்பழக்கத்தின் உழைப்பு யார் தோளில் இருந்தது என்று கேட்பதே கடினம். தாய் ஒருத்தியே எல்லாத் துணியையும் துவைக்க வேண்டுமானால், அவள் டயப்பரை நாடுவதைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை. உங்கள் வீட்டில் குழந்தை பிறக்கும்போது, ஆண்பிள்ளைகளாயினும் பெண்பிள்ளைகளாயினும், வாளியை நீங்கள் முதலில் எடுங்கள். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசி, சவுக்காரமிட்டு, நுரை அடங்கும் வரை அலசிப் பிழிந்து வெயிலில் உலர்த்துங்கள். இருபது துணிக்கு எனக்கு அரைமணி நேரமே ஆயிற்று.

"வளர்த்தோம்" என்ற சொல்லை இப்பொழுது நான் என் பேத்தியைக் குறித்தே கூறுகிறேன். என் மக்களைக் குறித்துப் பேசுகையில், "உங்கள் அம்மா வளர்த்தாள்" என்று திருத்திக்கொள்கிறேன்.