இடியப்ப உரலும் இத்தாலிய இழைகளும்

இடியப்பமும் மக்கரோனியும் ஒரு குலத்துப் பிள்ளைகள் என்று சொன்னால் திருகோணமலையில் எவரும் முதலில் நகைக்கவே செய்வர். முன்னது விடியற்காலையில் ஆவி பறக்கத் தட்டிலிருந்து இறங்குவது. பின்னது பலசரக்குக் கடையிற் பையில் அடைத்துத் தொங்குவது. ஆயினும் சென்ற ஆடி மாதம் எங்கள் அடுக்களையில் நிகழ்ந்த ஒரு சிறு பூசல் இவ்விரண்டின் உறவையும் எனக்கு நன்கு உணர்த்திற்று.

என் தங்கை இத்தாலியிற் பாலெர்மோ நகரத்தில் வாழ்க்கைப்பட்டவள். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் இரு பிள்ளைகளோடு வீடு வந்திருந்தாள். பாலெர்மோ சிசிலித் தீவின் தலைநகர். 1980ஆம் ஆண்டுகள் தொட்டு ஈழத்தமிழர் பலர் அங்கே குடியேறி, பெரும்பாலும் வீட்டு வேலை செய்து பிழைத்து வருகின்றனர். அந்நகரின் காவற் புனிதையான ரொசாலியா அம்மையின் குகைக்கோயில் பெல்லெகிரீனோ என்னும் மலைமீது உளது. நம்மவர் சைவரென்றும் கத்தோலிக்கரென்றும் பாராது அம்மலை ஏறி வழிபடுகின்றனர். கோணேசர் மலையைப் பார்த்து வளர்ந்தவர்க்குக் கடலோரத்து மலையும் அதன்மேற் கோயிலும் புதியனவா என்ன!

தங்கை கொண்டுவந்த பெட்டியிற் சொக்கலேற்றுக்கு அடுத்தபடியாக இடம்பிடித்திருந்தவை மூன்று பொதி இழைகள். நீண்டு, நடுவே துளையுடையனவாய், ஈர்க்கினும் சற்றுப் பருத்தவை. அவற்றைச் சாளை மீனோடு சமைத்துத் தரப்போவதாக அவள் அறிவித்தாள். அம்மாவோ பொதியை வாங்கி முகர்ந்து பார்த்தார். “கோதம்பமாத்தானே? எனக்கு வேண்டாம், பிள்ளை. நீங்கள் சாப்பிடுங்கோ” என்று கூறி எழுந்து போய்விட்டார். தங்கையின் முகம் வாடிற்று.

அம்மாவின் மறுப்புக்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லுமுன், இந்த இழைகளின் பிறப்பு வளர்ப்பைச் சிறிது நோக்குவோம்.

மார்க்கோ போலோ சீனத்திலிருந்து இதனை இத்தாலிக்குக் கொண்டு சென்றார் என்று எங்கள் பள்ளிப் பருவத்திற் கேட்டிருக்கின்றோம். அது வெறுங்கதை. அவர் வெனிசு நகருக்கு மீண்டது 1295இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தி, 1154இல், சிசிலி மன்னன் இரண்டாம் ரொஜரின் அவையிலிருந்து நூல் எழுதிய அல் இத்ரீசி என்னும் அரபு நிலநூலறிஞர், பாலெர்மோவுக்கு அணித்தான திராபியா என்ற ஊரில் ‘இத்ரிய்யா’ என்னும் கோதுமை இழைகள் பெருவாரியாகச் செய்யப்பட்டுக் கப்பல் கப்பலாக வெளிநாடுகளுக்குப் போவதைக் குறித்துள்ளார். உலர்த்திய பண்டமாதலின் கடற்பயணத்துக்கு அது கெடாது நின்றது. துறைமுகத்து ஊரில் வாழ்கின்ற நமக்கு இதன் அருமை விளங்கும்.

செய்முறையிலோ அவர்களும் நாமும் அயலவரே. பிசைந்த மாவைக் கண்களுடைய தட்டின் வழியே அழுத்திப் பிழிவதுதான் இரு திறத்தார்க்கும் வேலை. நாம் உரலைக் கையால் அழுத்துகின்றோம். அவர்கள் ஆலையில் இயந்திரத்தால் அழுத்துகின்றனர். வெண்கல அச்சிற் பிழிந்த இழை சற்றே சொரசொரப்பாயிருந்து குழம்பைப் பற்றிக்கொள்ளும் என்பது அவர்கள் அனுபவம். வேறுபாடு தானியத்தில் உளது. கோதுமையில் குளூட்டன் என்னும் ஒட்டும் புரதம் இருப்பதால், பச்சைத் தண்ணீரிற் பிசைந்தாலே மா இழுபட்டு நிற்கும். அதிலும் டியூரம் என்னும் கடுங்கோதுமையின் ரவை வெந்தபின்னும் உருக்குலையாது. உலர்ந்த பாஸ்தாவை அக்கோதுமையாலேயே செய்தல் வேண்டுமென இத்தாலி 1967இற் சட்டமே இயற்றிவிட்டது! அரிசியில் அப்புரதம் இல்லை. ஆகவேதான் நம் பெண்கள் வறுத்த மாவிற் கொதிநீரை வார்த்து அகப்பைக்காம்பாற் குழைக்கின்றனர். கொதிநீர் பட்டதும் மாப்பொருள் பசையாகி இழையைத் தாங்குகின்றது. தண்ணீர் சிறிது ஆறிவிட்டால் இழை அறுந்து உதிர்ந்துபோம்.

வெள்ளைக் கோதுமை மாவில் இடியப்பம் செய்யும்போது அம்மாவை முதலிலே அவித்து, கட்டி உடைத்து, அரித்துக்கொள்வதும் நம் வழக்கம். அவிக்கையிற் குளூட்டன் தன் இழுவையை இழந்துவிடுகிறது, இடியப்பம் மென்மையாகின்றது. வேதியியல் படியாமலே இதனைக் கண்டுபிடித்த பாட்டி எவரோ, அவர் வாழ்க.

கோதுமை மா நம் அடுக்களைக்குள் நுழைந்தது போரினாலேதான் என்று சொன்னாலும் பெரும் பிழையாகாது. 1942இற் பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அவ்வாண்டு சித்திரை 9ஆம் நாள் எங்கள் துறைமுகத்தின்மீதும் குண்டுமாரி பெய்தது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. பாணும் கோதுமை மாவும் பழகின. பின்னர் 1977இற் செய்த உடன்படிக்கையின்படி, 1980இலே சீனன்குடாவிற் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கிற்று. கடல்கடந்து வரும் கோதுமை எங்கள் துறைமுகத்தில் இறங்கி, மாவாகி, நாடெங்கும் செல்கின்றது. தம்பலகாமத்து வயல்களுக்கும் இவ்வாலைக்கும் இடையே அதிக தூரமில்லை. நெல்லும் கோதுமையும் எதிரெதிர் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. 2022இன் நெருக்கடியிற் கோதுமை மாவின் விலை ஏறியபோது, எங்கள் தெருவிற் பலர் மறுபடியும் அரிசிமாவுக்குத் திரும்பியதை நான் கண்டேன்.

இனி அம்மாவின் கதை. 1990இல் நாங்கள் வீடு விட்டு ஓடியபோது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஆறு. ஒரு பாடசாலைக் கட்டடத்தில், ஒரு வகுப்பறையில் ஐந்து குடும்பங்களாய் இருந்தோம். நிவாரணமாகக் கிடைத்தது கோதுமை மாவும் பருப்பும் சீனியும். நாள்தோறும் றொட்டி தின்று சலித்த தங்கை ஒருநாள் இடியப்பம் கேட்டு அழுதாள். அம்மா வெறும் பால்மா ரின் ஒன்றின் அடியில் ஆணியால் துளைகள் இட்டு, ஒரு விறகுக் கட்டையை உலக்கையாக்கி, பிழிந்து தந்தார். மாவை அவிக்க விறகில்லை, அரிக்க அரிதட்டில்லை. இழைகள் றப்பர் போல் வந்தன. தங்கை ஒருவாய் தின்று துப்பிவிட்டாள். அம்மா அவளை அடித்தார். நான் அறிய அம்மா அவளை அடித்தது அந்த ஒரே முறைதான். ரின் விளிம்பு வெட்டிய வடு அவர் வலக்கையில் இன்றும் இருக்கிறது. ஊர் திரும்பிய பின் அவர் கோதுமை மாவை உரலில் இட்டதேயில்லை.

தங்கைக்கு இது நினைவில்லை. அன்று மாலை நான் சொல்லியே அறிந்தாள். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “அண்ணா, விடிய நல்ல சாளை வாங்கி வாருங்கோ. நான் எப்படியும் சமைப்பன்” என்றாள்.

அவள் சமைத்த விதத்தைக் கூறுகின்றேன். பாலெர்மோவாரின் தலைசிறந்த உணவுகளில் இதுவும் ஒன்று. மீனின் தலையும் முள்ளும் நீக்கிக்கொண்டாள். ஒலிவ் எண்ணெயில் வெங்காயத்தைச் சிவவாது வதக்கி, உலர்ந்த முந்திரிகையும், அவர்கள் இடும் பைன் பருப்புக்குப் பதிலாக உடைத்த கஜுவும் சேர்த்தாள். அங்கே காட்டுப் பெருஞ்சீரகத்தின் தழையை அள்ளிப் போடுவர். இங்கே அது கிடையாமையால் பெருஞ்சீரகத்தை இடித்துத் தூவினாள். குங்குமப்பூவின் இடத்தை மஞ்சள் நிரப்பிற்று. கடைசியாக மீனை இட்டு, உடையும்படி கிளறினாள். பின்னொரு நாள் நான் தேங்காயெண்ணெயிற் செய்து பார்த்தேன். சுவை குறைவென்று சொல்லேன். ஆயினும் அது வேறு கறியாகிவிட்டது.

இழையை வேகவைப்பதில் நம்மவர் பலர் தவறுகின்றனர். உப்புவெளிக் கடற்கரையில் ஓர் உணவகத்திற் பிள்ளைகளின் விருப்பத்துக்காக ஒருமுறை மக்கரோனி உண்டேன். கஞ்சியாய்க் குழைந்து, அதன்மேல் இனிப்பான தக்காளிச் சாறு வழிந்துகொண்டிருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பழஞ்சோறு தின்றேன். தங்கையின் கணக்கு வருமாறு: 100 கிராம் இழைக்கு 1 லீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்த பின்னரே இழையை இடவேண்டும். கடித்தாற் பல்லுக்குச் சிறிதே தடை கொடுக்கும் பதத்தில் வடித்துவிடவேண்டும். வடித்ததைக் குளிர்நீரிற் கழுவலாகாது. வடிநீரில் ஓர் அகப்பை எடுத்துக் குழம்போடு சேர்த்தால் இழையும் குழம்பும் ஒன்றாய்ப் பொருந்தும்.

பரிமாறும்போது அவள் மேலே தூவியது பாலாடைக்கட்டியன்று. பாண் தூளைப் பொன்னிறமாக வறுத்தது. இதென்ன என்று அம்மா வாயிலில் நின்றபடி வினவினார். பாலாடைக்கட்டி வாங்க வழியில்லாத ஏழைகள் பழம் பாணை வறுத்துத் தூவினார்களென்றும், இன்று செல்வரும் அவ்வண்ணமே உண்கின்றனரென்றும் தங்கை சொன்னாள்.

“அவையளும் இல்லாமை கண்ட சனமோ?” என்று கேட்டார் அம்மா. பிறகு வந்து அமர்ந்தார். முள்ளுக்கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையாலேயே எடுத்து, மெதுவாக மென்றார். “இந்த மா வேற மாதிரி” என்றார். மறுமுறை கேட்டு வாங்கியும் உண்டார். தங்கை கண்ணைத் துடைத்ததை அவர் பார்க்கவில்லை. அல்லது பாராதவர்போல் இருந்துகொண்டார்.

அடுத்த நாட் காலையில் அம்மா தாமே இடியப்ப உரலை எடுத்தார். இரண்டு தட்டுக்கு மேல் அவரால் அழுத்த இயலவில்லை. மணிக்கட்டு ஒத்துழைக்க மறுத்தது. சில ஆண்டுகளாகக் கடை இடியப்பத்தையே நாங்கள் உண்டு வருவதற்கு, நானும் மனைவியும் பள்ளிக்கு விரைவதே காரணமென்று எண்ணியிருந்தேன். அவர் கை நோவை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னவரல்லர். நாற்பது ஆண்டுகளாக இடியப்பம் உண்ட நானும் ஒருநாளேனும் அந்த உரலைத் தொட்டவனல்லேன்.

தங்கை விமானம் ஏறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான்தான் பிழிகின்றேன். அம்மா பக்கத்தில் ஒரு பலகையில் அமர்ந்து, கொதிநீரின் அளவையும் மாவின் பதத்தையும் சொல்லிக்கொண்டிருப்பார். சென்ற வாரம் பன்னிரண்டு தட்டு நிரப்பினேன். ஒன்பதாவது தட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, “தம்பி, தண்ணி ஆறிப்போச்சு, திரும்பவும் கொதிக்க வை” என்றார்.