ஓரொட்சைட்டும் கெட்டிக்கார வீடும்

நம் நாட்டுக் கலைச்சொல்லாக்கத்தார் செய்த நன்மை ஒன்றை முதலிற் சொல்லிவிடுகின்றேன். விஞ்ஞான நூல்களிலே காபனீரொட்சைட்டு, காபனோரொட்சைட்டு என இரு சொற்கள் உள. இரண்டு என்னும் எண் உயிர்முன் ஈர் ஆயிற்று. ஒன்று என்பது ஓர் ஆயிற்று. எண்ணுப்பெயர்ப் புணர்ச்சிக்கு இவற்றினும் நல்ல உதாரணம் வகுப்பறையில் எனக்கு வாய்த்ததில்லை. முன்னது நாம் வெளிவிடும் மூச்சில் உள்ளது. சோடாப் போத்தலில் நுரைப்பது. பின்னது ஆளைக் கொல்வது. இரண்டுக்கும் இடையே நிற்பது ஒட்சிசன் அணு ஒன்றே.

விறகாயினும் கரியாயினும் எரிவாயுவாயினும் போதிய காற்றின்றி எரியுமிடத்து இவ் ஓரொட்சைட்டுத் தோன்றும். இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைப் பற்றுவதினும் இருநூறு மடங்குக்கு மேலான வலிமையோடு இதனைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி; பின் குமட்டல்; பின் மயக்கம். பித்தம் என்று நினைப்போம். பிரயாணக் களைப்பென்று நினைப்போம். இந்நஞ்சின் கொடுமை அங்கேதான் இருக்கிறது. உயிரை வாங்குமுன் இது அறிவை வாங்கிவிடுகிறது.

பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஸோலாவை இலக்கிய அன்பர்கள் அறிவர். 1902ஆம் ஆண்டு செப்டெம்பர் இறுதியில், பாரிசிலுள்ள தம் வீட்டிற் கரியடுப்பு மூட்டிய படுக்கையறையில் அவர் மாண்டார். புகைபோக்கி அடைபட்டிருந்தது. இரவிலே தலைநோவால் விழித்த மனைவியார் பணியாளரை எழுப்ப எண்ணியபோது, வேண்டாம், உண்டது ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று அவர் தடுத்தார் என வரலாறு எழுதியோர் கூறுவர். மனைவியார் பிழைத்தார். திரேபஸ் வழக்கிலே அவர் எழுதிய 1898ஆம் ஆண்டுப் பகிரங்கக் கடிதம் பலரைப் பகைவராக்கியிருந்தமையால், புகைபோக்கியை யாரோ வேண்டுமென்றே அடைத்தனர் என்ற ஐயமும் பின்னர் எழுந்தது. அது நிற்க. மனிதவுள்ளத்தின் மூலைமுடுக்கெல்லாம் துருவி எழுதியவர்க்கே, தம் தலைநோவின் காரணம் தெரியவில்லை. ஆளை எழுப்பலாமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொன்னது நஞ்சேறிய மூளை.

அக்காலத்திலேயே இங்கிலாந்தின் சுரங்கங்களில் இந்நஞ்சை ஆராய்ந்தவர் ஜோன் ஸ்கொற் ஹால்டேன். தம்மையே சோதனைப் பொருளாக்கி இதனை மூச்சிலே உள்வாங்கிப் பார்த்த துணிவுடையார். மனிதரினும் விரைந்து மூச்சுவிடும் சிற்றுயிரிடம் நஞ்சு முந்தித் தோன்றும் என்று அவர் கண்டார். அதன் பயனாகக் கனேரிக் குருவிகள் கூண்டோடு சுரங்கம் இறங்கின. குருவி துவண்டால் தொழிலாளர் வெளியேறுவர். துவண்ட குருவியைப் பிழைக்கவைக்க ஒட்சிசன் உருளை பொருத்திய கூண்டும் இருந்ததென்பது கேட்க ஆறுதலானது. 1986இலேதான் பிரித்தானியச் சுரங்கங்கள் குருவிகளுக்கு ஓய்வு கொடுத்தன.

இவையெல்லாம் குளிர்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று கேட்பாருண்டு. நம்மவர் எத்தனை ஆயிரம் பேர் இன்று ஒன்ராறியோ மாகாணத்தில் வீடு பூட்டி வெப்பமூட்டி உறங்குகின்றனர் என்பதை அவர் நினைக்க வேண்டும். அம்மாகாணத்து வூட்ஸ்ரொக் நகரிலே, 2008 டிசெம்பரில், வீட்டு எரிவாயுக் கணப்பின் போக்குக்குழாய் அடைபட்டு, தாய் தந்தை பிள்ளைகள் இருவர் என நால்வர் மாண்டனர். ஓரொட்சைட்டு எச்சரிப்புக் கருவியை வீடுகளிற் கட்டாயமாக்கும் சட்டம் அங்கு 2013இல் நிறைவேறியது.

ரொறன்ரோவில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர், தம் வீட்டுக் கருவி எச்சரிப்பதோடு நில்லாது அடுப்பையும் தானே அணைக்கும் என்று எழுதியிருந்தார். அமெரிக்காவில் 2013இல் வெளிவந்த நெஸ்ற் புரொடெக்ற் என்னும் கருவி அது. அதனுள்ளே ஒரு சிறு மின்னிரசாயனக் கலம் உண்டு. ஓரொட்சைட்டு அதன் மின்வாயைத் தொட்டதும் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கும். நஞ்சு மிக, ஓட்டமும் மிகும். அளவோடு நேரத்தையும் சேர்த்தே இத்தகைய கருவிகள் கணக்கிடுகின்றன. அமெரிக்க விதிப்படி, பத்து இலட்சத்தில் 70 பங்கு நஞ்சாயின் ஒரு மணி முதல் நான்கு மணி நேரத்துள்ளும், 400 பங்காயின் 4 முதல் 15 நிமிடத்துள்ளும் அலறவேண்டும். குருதியில் நஞ்சு ஏறும் வேகத்தை ஒட்டி வகுத்த கணக்கு இது. நெஸ்ற் கருவியோ எந்த அறையில் ஆபத்து என்பதை மனிதக் குரலாற் சொல்லும். உடன் இணைத்த வெப்பச் சீராக்கிக்குச் செய்தி அனுப்பி எரிவாயு உலையையும் நிறுத்தச் செய்யும்.

இத்தகைய கருவியை ஆங்கிலத்தில் ஸ்மாட் என்கிறார்கள். நம்மூர்ச் சொல்லாற் கெட்டிக்காரக் கருவி எனலாம். யான் மதிப்பது அதன் பேச்சையன்று. அந்த அணைக்கும் செயலையே. மணியோசை கேட்டு எழுந்து காரணம் ஆராய்ந்து கதவு திறக்க வேண்டிய ஆளின் அறிவு அந்நேரத்திற் கலங்கியிருக்கும். ஸோலாவின் அறையிலே மணி ஒலித்திருந்தாலும், அதனை நிறுத்திவிட்டு உறங்கியிருப்பாரோ என்னவோ. உலை நின்றால், உலையிலிருந்து வரும் நஞ்சு மேலும் பெருகாது. வீட்டார் வெளியேற நேரம் கிடைக்கும்.

ஆனால் கெட்டிக்காரத்தனத்துக்கும் எல்லையுண்டு. அக்கருவியின் கீழே கையை அசைத்தால் புகை அலறல் அடங்கும்படி ஒரு வசதி வைத்திருந்தனர். சமையற் புகைக்கு அலறும் கருவியை அடக்க நல்ல உபாயம் என்று எண்ணினர். மெய்யான தீயிலே, நோக்கமின்றி அசையும் கையையும் அது கட்டளையாகக் கொண்டுவிடக்கூடும் என்று நிறுவனத்தாரே சோதனையிற் கண்டு 2014 ஏப்ரிலில் விற்பனையை நிறுத்தினர். ஏறத்தாழ 4,40,000 கருவிகளில் அவ்வசதியை இணையவழியே முடக்கினர். குறிப்பறிதல் என்னும் அதிகாரத்தை வள்ளுவர் பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக இருமுறை வைத்தார். மனிதர்க்கே அத்துணைக் கடினமான கலையை இயந்திரத்தின் தலையிற் சுமத்தினால் வேறென்ன நேரும்?

இன்னொன்று. இக்கருவி தான் இணைந்த உலையை மட்டுமே நிறுத்தும். வாகனக் கொட்டகையில் ஓடும் காரையோ, பனிப்புயலில் மின்சாரம் அற்றபோது வீட்டினுள் மூட்டிய கரியடுப்பையோ, மின்பிறப்பாக்கியையோ அணைக்க அதற்குக் கையில்லை. அவ்வேளை உலையோடு பேச இணையமும் இராது. பற்றரியில் ஒலிக்கும் மணியும், காதுள்ள மனிதரும், வெளியே போகும் கதவுமே அப்போது துணை.

மாணாக்கருக்கு எழுதிய மறுமொழியில் ஒன்று மட்டுங் கேட்டிருக்கின்றேன்: கருவியின் பின்புறத்திலுள்ள திகதியைப் பார்த்தீரா என்று. அந்தக் கலத்துக்கும் ஆயுள் உண்டு. முதலில் வந்த நெஸ்ற் கருவிகளுக்கு 7 ஆண்டு, பின்னையவற்றுக்கு 10 ஆண்டு. கூகிள் நிறுவனம் 2025இல் அக்கருவியின் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. அவர் வேறொன்று வாங்கி உலையோடு மீண்டும் இணைக்க வேண்டியிருக்கும். பதில் இன்னும் வரவில்லை.